கலைஞ்சதா, கலைச்சதா? ஃபைல்ல போட்டிருக்க 'ஏ1' பத்தி ஒரு சந்தேகம்

தூறல்23:
வணக்கம் எல்லாருக்கும். ரொம்ப நாளா படிச்சுட்டு சத்தமில்லாம போயிடுவேன், இன்னிக்குத்தான் முதல்தடவையா எழுதறேன். இப்ப எனக்கு அஞ்சு வாரம். போன வருஷம் ஒருதடவை நின்னு, எட்டாவது வாரம் ஸ்கேன்ல துடிப்பு இல்லைன்னு சொல்லிட்டாங்க, அதைப்பத்தி இப்ப பேச வேண்டாம். விஷயம் என்னன்னா இந்தத் தடவை புது ஃபைல் போட்டாங்க, முதல் பக்கத்துலயே மேல பெருசா ஜி2 பி0 எல்0 ஏ1னு எழுதியிருக்கு. அந்த 'ஏ' அபார்ஷனாம். நாத்தனார் செல்லுல தேடிப் பார்த்துட்டு "நீ எப்ப கலைச்ச, எங்ககிட்ட சொல்லவே இல்லையே"ன்னு கேட்டாங்க பாருங்க, எனக்கு வாயே வரலை. நான் எதையும் கலைக்கலையே? பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பார்த்தா அதுலயும் மிஸ்டு அபார்ஷன்னு இருக்கு. நான் மாத்திரை ஏதோ மிஸ் பண்ணிட்டேன் அதனாலதான் அப்படி ஆயிடுச்சுன்னு எழுதியிருக்காங்களோன்னு ராத்திரி பூரா யோசிச்சுட்டே கிடந்தேன். இந்த எழுத்தெல்லாம் என்னன்னு யாராவது சொல்லுங்களேன். அப்படியே இன்னொண்ணு, கர்ப்ப ஹார்மோன் டெஸ்ட், பீட்டா ஹெச்சிஜின்னு, ரெண்டுதடவை எடுத்தாங்க, முதல்ல 1,240, ரெண்டு நாள் கழிச்சு 2,050. டபுள் ஆகலையே?

ஓய்வுபெற்ற_சிஸ்டர்:
அம்மாடி, முதல்ல அந்த மாத்திரை யோசனையை விடு. பிரசவ வார்டுல வருஷக்கணக்கா இருந்தவ சொல்றேன், மிஸ்டுங்கிறது நீ எதையோ மிஸ் பண்ணினதுன்னு அர்த்தமே இல்ல. உள்ள வளர்ச்சி நின்னுடுச்சு, ஆனா ரத்தப்போக்கு இல்ல, வலி இல்ல, கர்ப்பப்பை வாய் மூடியே இருக்கு, உடம்புக்கு இன்னும் தெரியலை, ஸ்கேன் வெச்சாத்தான் தெரியுது, அந்த நிலைமைக்குப் பேருதான் மிஸ்டு. கவனிக்காம விட்டது உடம்பு, நீ இல்ல கண்ணு.

ஜி, பி, எல், ஏ கதைக்கு வர்றேன். ஜி கிராவிடா, லத்தீன்ல பாரம் சுமக்கிறவன்னு அர்த்தம், மொத்தம் எத்தனைதடவை கருத்தரிச்சேங்கிற கணக்கு, இப்ப இருக்கறதும் சேர்த்து. பி பாரா, வெளிய உயிர்வாழக்கூடிய வயசு தாண்டினப்புறம் எத்தனை பிரசவம்ங்கிறது, இதுல ரெட்டைப் பிள்ளை பெத்தாலும் பி1தான், பிரசவத்தைத்தான் எண்ணுவோம் பிள்ளையை இல்ல. பிள்ளையை எண்றது எல், இப்ப உயிரோட இருக்கற குழந்தைங்க. 'ஏ'ன்னு போட்டா அந்த வயசுக்கு முன்னாடியே முடிஞ்சுபோனது எல்லாம், தானா போனதும் அதுல, செஞ்சதும் அதுல. மருத்துவ பாஷையில அபார்ஷன்னா இந்த ரெண்டுக்கும் பொதுப்பேரு. ஸ்பான்டேனியஸ்னா தானா ஆனது, இன்ட்யூஸ்டுன்னா செஞ்சது, ஃபைல் மேல எழுதறப்ப அந்த முன்னடையை யாரும் போட மாட்டோம், சோம்பேறித்தனம்தான், வேற என்ன.

சொல்தேடி:
சிஸ்டர் சொன்னதைப் படிச்சதும் ஒண்ணு தோணுச்சு. இந்த விஷயத்துல தமிழ் ரொம்பத் தெளிவா இருக்குங்க. கருச்சிதைவு வேற, கருக்கலைப்பு வேற. அட அதெல்லாம் எழுத்துத்தமிழ்னு விட்டாக்கூட, வீட்டுல பேசறப்பவே "கலைஞ்சிடுச்சு"ன்னா ஒண்ணு, "கலைச்சுட்டா"ன்னா வேற ஒண்ணு. கலைஞ்சது தன்வினை, கலைச்சது பிறவினை. ஞ்ச இருந்த இடத்துல ச்ச வந்தா ஒரு பொண்ணோட தலையெழுத்தே மாறிப்போகுது. நம்ம பாட்டிங்களுக்கு இலக்கணம் தெரியாது, ஆனா இந்த ரெண்டையும் ஒருநாளும் மாத்திச் சொன்னதில்ல. இங்கிலீஷ்ல படிச்ச ஃபைலைத் தமிழ்ல புரிஞ்சுக்கறப்பதான் ரெண்டும் ஒண்ணாயிடுது. உங்க நாத்தனார்கிட்ட "கலைஞ்சது"ன்னு ஒரே வார்த்தை சொல்லுங்க போதும்.

நேரடிப்பேச்சு:
டபுள் ஆகலைன்னா வீக் பிரெக்னன்சி. 48 மணிநேரத்துல டபுள் ஆகியே ஆகணும், இதுதான் ரூல். உடனே கர்ப்பத்தைத் தாங்கற ஹார்மோன் மருந்து, ப்ரொஜெஸ்டிரோன், ஆரம்பிங்க, லேட் பண்ணாதீங்க. சொல்றதைச் சொல்லிட்டேன்.

சோதனைக்குழாய்:
சார் நீங்க சொல்ற ரூல் பழைய ரூல். லேப்ல ஹார்மோன் செக்ஷன்ல வேலை பாக்கறேன், இதே கேள்வியோட தினமும் கவுன்ட்டர்ல ஒருத்தராவது நிப்பாங்க. சராசரியா ரெண்டு மூணு நாளைக்கு ஒருதடவை டபுள் ஆகும்ங்கிறது சரி, ஆனா சராசரி வேற, கீழ்வரம்பு வேற. 1,500க்குக் கீழ ஆரம்பிச்சா 48 மணிநேரத்துல குறைஞ்சது 49 சதவீதம் ஏறணும், 1,500லேந்து 3,000 வரைக்கும்னா 40, அதுக்கு மேலன்னா 33. அமெரிக்க மகப்பேறு டாக்டர்கள் சங்கம் 2018ல குடுத்த கணக்கு இது. தூறல் மேடம் உங்களுக்கு 1,240லேந்து 2,050, அதாவது 65 சதவீதம் ஏறியிருக்கு. வரம்புக்கு நல்லா மேலதான். ஆனா இதை மட்டும் வெச்சு எல்லாம் ஓகேன்னும் சொல்ல முடியாது, குழாய்ல தங்கின கருவுக்குக்கூட சிலசமயம் இப்படி ஏறும், ஸ்கேன்தான் பதில் சொல்லும். ரெண்டு சாம்பிளும் ஒரே லேப்ல குடுத்தீங்களா? வேற வேற லேப்னா மெஷின் வேற, ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கவே கூடாது.

இன்னும் ஒண்ணு முன்கூட்டியே சொல்லிடறேன், அப்புறம் பயப்படுவீங்க. இந்த ஹெச்சிஜி எட்டுலேந்து பதினோரு வாரத்துக்குள்ள உச்சத்துக்குப் போயிட்டு அதுக்கப்புறம் தானா இறங்கும். போன மாசம்தான் ஒருத்தங்க பன்னெண்டு வாரத்துல யார் பேச்சோ கேட்டு சும்மா எடுத்துப் பார்த்துட்டு, குறைஞ்சிருக்கேன்னு அங்கேயே தரையில உக்காந்துட்டாங்க. இறங்கறதுதான் இயல்பு.

தூறல்23:
ஒரே லேப்தான் சகோ. 65ன்னு கேட்டதும் இப்பதான் மூச்சே வருது. பீட்டான்னா என்ன, ஆல்ஃபான்னு ஒண்ணு இருக்கா? அது எடுக்கணுமா?

சோதனைக்குழாய்:
ஆல்ஃபா இருக்கு, ஆனா எடுத்துப் பிரயோஜனம் இல்ல. ஹெச்சிஜிங்கிறது ரெண்டு துண்டு சேர்ந்த மூலக்கூறு. ஆல்ஃபாத் துண்டு இதுலயும், முட்டையை வளர்த்து வெளிய வரவைக்கிற எல்ஹெச், எஃப்எஸ்ஹெச், தைராய்டுக்குப் பாக்கற டிஎஸ்ஹெச், நாலுலயும் ஒண்ணேதான். நாலு சாவிக்கும் பிடி ஒரே மாதிரி, பல்லு மட்டும் வேற வேறன்னு வெச்சுக்கோங்க. பல்லுதான் பீட்டா, அதனாலதான் அதை மட்டும் அளக்கறோம். இந்த ஒத்துமையால ரெண்டு வேடிக்கை நடக்கும். ஹெச்சிஜி ஏகப்பட்டது இருக்கறப்ப அது தைராய்டையும் கொஞ்சம் முடுக்கிவிடும், அதனால முதல் மூணு மாசத்துல டிஎஸ்ஹெச் குறைஞ்சு தெரியும். அப்புறம் முட்டை வெளிவர்ற நாளைப் பாக்க விக்கிற எல்ஹெச் கிட் இருக்குல்ல, கர்ப்பமா இருக்கறப்ப அதுல பார்த்தாக்கூட ரெண்டு கோடு வரலாம், எல்ஹெச்சும் ஹெச்சிஜியும் அவ்வளவு ஜாடை. அதுக்காக கர்ப்பம் பாக்க அதை உபயோகிக்காதீங்க.

முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை பெரிய டோஸ்ல யாராவது எடுத்தா ரத்தம் எடுக்கறவங்ககிட்ட வாயைத் திறந்து சொல்லிடுங்க ப்ளீஸ். சில மெஷின்ல அது ஹெச்சிஜி, டிஎஸ்ஹெச்சை எல்லாம் குறைச்சுக் காட்டும், எஸ்ட்ராடியோல் ப்ரொஜெஸ்டிரோனை ஏத்திக் காட்டும். இதை யாருமே சொல்றதில்ல, எங்களுக்கும் தெரிய வழியில்ல.

ஓய்வுபெற்ற_சிஸ்டர்:
நேரடிப்பேச்சு தம்பிக்கு ஒரு வார்த்தை. உடனே ப்ரொஜெஸ்டிரோன் போடுன்னு எழுதறது சுலபம். 2019ல ப்ரிஸம்னு ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, கர்ப்ப ஆரம்பத்துல ரத்தம் பட்ட நாலாயிரத்துச் சொச்சம் பேரை வெச்சுப் பண்ணினது. மொத்தமாப் பார்த்தா மருந்து வெச்சவங்கள்ல 75 சதவீதத்துக்குக் குழந்தை பொறந்துச்சு, வெத்து மருந்து வெச்சவங்கள்ல 72, பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா ஏற்கனவே மூணுதடவையோ அதுக்கு மேலயோ கலைஞ்சவங்களுக்கு 72, 57ன்னு நல்ல வித்தியாசம் தெரிஞ்சுது. அப்ப ரத்தம் படுதா, முன்னாடி கலைஞ்சிருக்கா, ரெண்டையும் பார்த்து டாக்டர் முடிவு பண்ணணும். இந்தப் பொண்ணு ரத்தம் பட்டதாச் சொல்லவே இல்ல. நம்பரைப் பார்த்து இங்க உக்காந்துட்டு மருந்து எழுதாதப்பா.

நேரடிப்பேச்சு:
சரிங்க சிஸ்டர். என் தங்கச்சிக்கு அப்படித்தான் குடுத்தாங்க, அதை வெச்சுச் சொன்னேன்.

அப்பாவாகப்போறவன்:
நடுவுல பூந்ததுக்கு மன்னிக்கணும். எங்க வீட்டம்மாவோட ஸ்கேன் ரிப்போர்ட்ல "லிக்கர் அடிக்வேட்"னு இருந்துச்சு. நான் குடிக்கிறது ஸ்கேன்ல வரைக்கும் தெரிஞ்சுடுச்சான்னு ஒரு நிமிஷம் வேர்த்துப்போச்சு. அவ என்னைப் பார்த்த பார்வை வேற. உள்ள போய் டாக்டர்கிட்ட கேக்கற வரைக்கும் ரெண்டுபேரும் பேசிக்கலை. கடைசியில பார்த்தா அது பனிக்குடத் தண்ணியாம், போதுமான அளவு இருக்காம்.

ஓய்வுபெற்ற_சிஸ்டர்:
அந்த லிக்கரைக் கேட்டு எத்தனை புருஷங்க முழிச்சிருக்காங்கன்னு கணக்கே கிடையாது தம்பி! பனிக்குடம்னு அழகா ஒரு வார்த்தை இருக்கு நம்மகிட்ட, "பனிக்குடம் உடைஞ்சிடுச்சு"ன்னு இன்னிக்கும் சொல்றோம், ரிப்போர்ட்ல மட்டும் லிக்கர்.

முப்பத்தாறுநாள்:
எனக்கும் ஒரு வார்த்தை சந்தேகம் இருக்கு, இங்கயே கேட்டுடறேன். நாங்க ரெண்டு வருஷமா முயற்சி பண்றோம். டே 21 ப்ரொஜெஸ்டிரோன்னு ஒரு டெஸ்ட் எழுதிக்குடுத்தாங்க, சரியா 21ம் நாள் போய்க் குடுத்தேன், 0.8 வந்துச்சு, முட்டையே வரலைன்னு சொல்லிட்டாங்க. அழுது அழுது கண்ணு வீங்கிப்போச்சு. எனக்கு மாசாமாசம் ஒழுங்கா வராது, 35, 36 நாள் ஆகும், என் பேரே அதான். இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கா?

சோதனைக்குழாய்:
இருக்கு! நல்லா இருக்கு! அந்த 21ங்கிறது 28 நாள் கணக்கு வர்றவங்களுக்கு. முட்டை வெடிச்சு வெளிய வந்தப்புறம் அந்தக் காலிக் கூடு சுருங்கி மஞ்சளா ஒரு சின்னச் சுரப்பியா மாறும், கார்பஸ் லூட்டியம்னு பேரு, லத்தீன்ல மஞ்சள் உடம்புன்னே அர்த்தம். ப்ரொஜெஸ்டிரோனைச் சுரக்கறது அதுதான். முட்டை வந்து ஏழாம் நாள் வாக்குல அது நல்லா ஏறி நிக்கும், அன்னிக்கு ரத்தம் எடுத்தா முட்டை வந்துச்சா இல்லையான்னு தெரியும். 28 நாள் ஆளுக்கு 14ம் நாள் முட்டை, கூட ஏழு போட்டா 21. உங்களுக்கு 36 நாள்னா முட்டை வர்றதே 22ம் நாள் வாக்குலதான், நீங்க ரத்தம் குடுத்தது அதுக்கு முந்தின நாள். 0.8 வராம என்ன வரும்? அடுத்த பீரியட்ஸ் வர்ற தேதிக்கு ஏழு நாள் முன்னாடின்னு வெச்சுக்கோங்க, உங்களுக்கு 29ம் நாள். மில்லிக்கு 3 நானோகிராம் தாண்டினாலே முட்டை வந்திருக்குன்னு எடுத்துக்குவாங்க. நாள் கொஞ்சம் முன்னப்பின்ன ஆகறதால சிலருக்கு ஒரு வாரம் கழிச்சு இன்னொருதடவையும் எடுக்கச் சொல்வாங்க. உங்க கணக்கு எத்தனை நாள்னு டாக்டர்கிட்ட சொல்லி மறுபடி எழுதி வாங்குங்க.

முப்பத்தாறுநாள்:
டெஸ்ட்டோட பேருலயே 21னு இருக்கறப்ப நாங்க 21ம் நாள்தானே போவோம்! மூணு மாசம் வீணாப்போச்சு, அழுததுதான் மிச்சம்.

கடல்தாண்டி:
பேரால மட்டுமில்ல, அளவாலயும் ஏமாறலாம். முட்டைக் கையிருப்பைப் பாக்கற ஏஎம்ஹெச் டெஸ்ட்ல எனக்கு 9.3னு வந்துச்சு. அக்காவுக்கு 1.3, அவளுக்குக் குறைச்சல்னு சொல்லிட்டாங்க. நான் உள்ளுக்குள்ள ஒரு மாதிரி பெருமையா வேற இருந்தேன், கடவுள் மன்னிக்கட்டும். அப்புறம் பார்த்தா அவளுது மில்லிக்கு நானோகிராம், என்னுது லிட்டருக்குப் பிகோமோல். 9.3ஐ 7.14ஆல வகுத்தா வர்றது என்ன? அதே 1.3. ரெண்டுபேருக்கும் ஒரே நம்பர்! நம்பருக்குப் பக்கத்துல பொடி எழுத்துல இருக்கறதையும் படிங்க மக்களே.

நேரடிப்பேச்சு:
ஏஎம்ஹெச்சோட முழுப்பேரு ஆன்டி முல்லேரியன் ஹார்மோன்னு பார்த்தேன், அதுல ஆன்டின்னு வருதே, அது உடம்பே முட்டையை எதிர்க்கிறதுதானே? ஆன்டிபாடி மாதிரி? அப்ப குறைச்சலா இருந்தா நல்லதுதானே? கேள்வியாத்தான் கேக்கறேன், அடிக்க வராதீங்க.

சோதனைக்குழாய்:
நல்ல கேள்வி சார். அந்த ஆன்டிக்கும் பொம்பளைங்களுக்கும் சம்பந்தமே இல்லங்கிறதுதான் கூத்து. கருவுல இருக்கற எல்லாப் பிள்ளைக்கும் ஆரம்பத்துல முல்லேரியன் குழாய்னு ஒரு ஜோடி இருக்கும், ஜோஹன்னஸ் முல்லர்னு ஒரு ஜெர்மன் விஞ்ஞானி பேரு. விட்டா அது கருப்பையாவும் கருக்குழாயாவும் வளரும். ஆம்பளைப் பிள்ளையா இருந்தா அதோட விரை இந்த ஹார்மோனைச் சுரந்து அந்தக் குழாயைக் கரைச்சுடும். அதனால முல்லேரியனுக்கு எதிரின்னு பேரு வெச்சுட்டாங்க. அப்புறந்தான் பெரியவளான பொண்ணுங்களோட சூலகத்துலயும், சின்னச் சின்ன முட்டைக் கூட்டைச் சுத்தி இருக்கற செல்லுங்க இதையே சுரக்குதுன்னு தெரிஞ்சுது. கூடு நிறைய இருந்தா ஹார்மோன் நிறைய. அப்ப குறைச்சல்னா நல்லதில்ல, கையிருப்பு கம்மின்னு அர்த்தம். ஆனா கையிருப்பு கம்மின்னா கர்ப்பமே ஆகாதுன்னு இல்ல. 2017ல ஜாமா இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு, 30லேந்து 44 வயசுக்குள்ள, குழந்தையின்மைப் பிரச்சனை இல்லாத பொண்ணுங்க, தானா கருத்தரிக்க அப்பத்தான் முயற்சி பண்ண ஆரம்பிச்சவங்க. ஏஎம்ஹெச் குறைச்சலா இருந்தவங்களும் மத்தவங்க மாதிரியேதான் கருத்தரிச்சாங்க. ஊசி போட்டு முட்டை எடுக்கறப்ப எத்தனை கிடைக்கும்னு கணக்குப் போடத்தான் இந்த டெஸ்ட் நல்லா உதவும்.

சொல்தேடி:
பேரு வெச்சவங்களைப் பத்திப் பேச்சு வந்ததால சொல்றேன், ஹார்மோன்ங்கிற வார்த்தையையே 1905ல ஸ்டார்லிங்னு ஒரு இங்கிலீஷ்காரர்தான் முதல்ல உபயோகிச்சார், கிரேக்கத்துல கிளப்பிவிடு, இயக்குன்னு அர்த்தம். நம்ம ஆளுங்க இயக்குநீர்னு வெச்சாங்க, மூலத்துக்கு இதைவிடப் பொருத்தமா ஒரு பேரு கிடைக்காது. ஆனா யாரும் சொல்றதில்ல. நானே மருந்துக்கடையில இயக்குநீர் மாத்திரைன்னு கேட்டா வேற ஏதாவது எடுத்துக் குடுத்துடுவாங்கன்னு ஹார்மோன் மாத்திரைன்னுதான் கேப்பேன். வார்த்தை நல்லா இருந்தா மட்டும் போதாதுங்க, புழங்கணும். ஈஸ்ட்ரோஜன் கதை தெரியுமா? ஈஸ்ட்ரஸ், மாட்டைக் கடிச்சு வெறிபிடிச்சு ஓடவைக்கிற ஒரு ஈயோட கிரேக்கப் பேர்லேந்து வந்த வார்த்தை. ப்ரொஜெஸ்டிரோன் பரவாயில்ல, கர்ப்பத்துக்கு ஆதரவான்னு பொருள் வர்ற மாதிரி கட்டினது. ஆக்சிடோசின்னா சீக்கிரப் பிரசவம். நம்ம பக்கம் நஞ்சுக்கொடி ஒண்ணுதான் எனக்கு இடிக்கும், குழந்தைக்கு மூச்சும் சாப்பாடும் குடுக்கறதுக்குப் போய் நஞ்சுன்னா!

ஓய்வுபெற்ற_சிஸ்டர்:
அது விஷம்ங்கிற அர்த்தத்துல இல்லப்பா. பிரசவத்துல பின்னாடி வர்றதுக்கே நஞ்சுன்னுதான் பேரு, அகராதியிலயும் அந்த அர்த்தம் தனியா இருக்கு. "நஞ்சு விழுந்துச்சா"ன்னுதான் கேப்பாங்க. ஆனா படிச்ச பொண்ணுங்க பயப்படறது நிஜம்தான், நானே பிளாசென்டான்னு மாத்திக்கிட்டேன்.

பெயர்வேண்டாம்:
இதை வேற எங்க கேக்கறதுன்னு தெரியலை. யாரும் தப்பா நினைக்காதீங்க. வேலை விஷயமா ஒரு மாசத்துக்கு மேல வெளிய இருந்துட்டுத் திரும்பி வந்து இன்னியோட 24 நாள் ஆகுது. இன்னிக்கு ஸ்கேன்ல அஞ்சு வாரம் மூணு நாள்னு போட்டிருக்கு. 24 நாள்னா மூணரை வாரம்கூட இல்ல. மனைவிகிட்ட எதுவும் கேக்கலை. தூக்கம் வரலை.

ஓய்வுபெற்ற_சிஸ்டர்:
தம்பி, கேக்காம இருந்தியே, அதுக்கே உனக்குப் புண்ணியம். இப்ப நான் சொல்றதைப் பொறுமையாப் படி. வாரக் கணக்கு உறவு வெச்ச நாள்லேந்து போடறதில்ல. கரு தங்கின நாள்லேந்தும் போடறதில்ல. கடைசியா பீரியட்ஸ் வந்த முதல் நாள்லேந்து போடறோம், எல்எம்பின்னு எழுதுவாங்க. ஏன்னா அந்தத் தேதி ஒண்ணுதான் பொண்ணுங்களுக்கு உறுதியாத் தெரியும், முட்டை என்னிக்கு வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? அதனால எல்லாக் கர்ப்பத்துலயும் முதல் ரெண்டு வாரம் கரு இல்லாத வாரம். அஞ்சு வாரம் மூணு நாள்னா 38 நாள், அதுல 14 கழி. 24. நீ வீட்டுக்கு வந்த நாளே வருது. அந்த 24ம் அச்சுல வார்த்த கணக்கில்ல, ஸ்கேன் அளவே அஞ்சு நாள் முன்னப்பின்ன இருக்கும், அதனால அதுலேந்து ஒருநாள் ரெண்டுநாள் தள்ளி வந்தாலும் தப்பாப் பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல.

இதே கணக்கை வெச்சுத்தான் 280 நாள், 40 வாரம்னு பிரசவத் தேதி போடறதும். நீகலேன்னு ஒரு ஜெர்மன் டாக்டர் பேர்ல ஒரு சூத்திரம் இருக்கு, கடைசி பீரியட்ஸ் தேதியோட ஏழு நாள் கூட்டி ஒன்பது மாசம் தள்ளிப் போடு, அவ்வளவுதான். எண்ணிக்கையில ரெண்டு வாரம் சும்மா சேர்ந்திருக்குன்னு யாரும் வெளிய சொல்றதில்ல. இந்த ரெண்டு வாரத்தால எத்தனை வீட்டுல என்னென்ன பேச்சு நடந்திருக்குன்னு நான் பார்த்திருக்கேன் தம்பி. போய்த் தூங்கு. அவகிட்ட இதைச் சொல்லித் தொலைக்காத.

பெயர்வேண்டாம்:
38 கழித்தல் 14. நூறுதடவை போட்டுப் பார்த்துட்டேன். நன்றிம்மா.

மட்டுறுத்துநர்:
மேல இருக்கற கேள்விக்கு சிஸ்டர் பதில் சொல்லிட்டாங்க, அதைப்பத்தி மேற்கொண்டு யாரும் கமென்ட் பண்ண வேண்டாம், ரெண்டு பதிவை எடுத்துட்டேன்.

கடல்தாண்டி:
நல்லது பண்ணினீங்க. சிஸ்டர், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். எனக்கு 36 வயசு, முதல் குழந்தை, ஃபைல்ல எல்டர்லி பிரைமின்னு போட்டாங்க. எல்டர்லியா நான்? முதியோர் பென்ஷன் வருமான்னு கேட்டேன், அந்த நர்ஸ் சிரிக்கவே இல்ல.

ஓய்வுபெற்ற_சிஸ்டர்:
35 தாண்டினா அந்தப் பேரு. இதாவது பரவாயில்ல, இன்னும் இருக்கு கேளு. கர்ப்பப்பை வாய் சீக்கிரம் திறந்துக்கிட்டா இன்காம்பிடென்ட் செர்விக்ஸ், அதாவது திறமையில்லாத கர்ப்பப்பை வாய். பை உருவாகி உள்ள கரு வளராம இருந்தா ப்ளைட்டட் ஓவம், பயிர் கருகிப்போனா சொல்ற வார்த்தை அது. வலி எடுத்தும் வாய் திறக்கலைன்னா ஃபெயிலியர் டு ப்ராக்ரஸ். எல்லாமே அவ ஏதோ பரீட்சையில தோத்துட்ட மாதிரியே இருக்கும். இப்ப புதுசா படிச்சு வர்றவங்க கொஞ்சம் மாத்தறாங்க, செர்விக்கல் இன்சஃபிஷியன்சி, அனெம்ப்ரியானிக்னு எழுதறாங்க. 1985லயே லான்செட் இதழ்ல சில டாக்டருங்க, தானா போனதுக்கு அபார்ஷன்னு சொல்லாதீங்க, மிஸ்கேரேஜ்னு சொல்லுங்கன்னு எழுதினாங்க. எத்தனை வருஷம் ஆச்சு பாரு, இந்தப் பொண்ணு ஃபைல்ல இன்னும் ஏ தான்.

நான் மட்டும் என்ன ஒழுங்கு? வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஓபி வாசல்ல நின்னு "அபார்ஷன் கேஸ் யாரும்மா, உள்ள வா"ன்னு கத்திக் கூப்பிட்டேன். அன்னிக்கு நல்ல கூட்டம். சுவரோரமா உக்காந்திருந்த ஒரு பொண்ணு எழுந்தா. இருபது வயசு இருக்கும். ஃபைலை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, எழுதியிருந்த பக்கத்தை உள்பக்கமாத் திருப்பி வெச்சுக்கிட்டு, அத்தனை பேரையும் தாண்டி நடந்து வந்தா. என்கிட்ட வந்து மெதுவா "சிஸ்டர், அது தானாத்தான் போச்சு"ன்னு சொன்னா. நான் "சரி சரி உள்ள போ"ன்னுட்டேன். அவ மூஞ்சி மறந்துபோச்சு, அந்தக் குரல் மறக்கலை. அதுக்கப்புறம் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டேன், ரிட்டையர் ஆகற வரைக்கும்.

அப்பாவாகப்போறவன்:
சிஸ்டர், இதைப் படிச்சுட்டு ஜோக் எதுவும் வரலை. ஒரு கேள்வி மட்டும். குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பு எவ்வளவுன்னு பாக்கற டபுள் மார்க்கர் டெஸ்ட்ல 180ல 1, ஸ்க்ரீன் பாசிட்டிவ்னு வந்திருக்கு. பாசிட்டிவ்னா குழந்தைக்கு இருக்குன்னு அர்த்தமா?

சோதனைக்குழாய்:
இல்ல ப்ரோ. இதே மாதிரி 180 பேர் இருந்தா ஒருத்தருக்கு இருக்கலாம், 179 பேருக்கு இல்லன்னு அர்த்தம். இது சல்லடை மாதிரி, மேல தங்கினதை இன்னொருதடவை பாக்கணும், அவ்வளவுதான். அம்மாவோட ரத்தத்துல ஃப்ரீ பீட்டா ஹெச்சிஜியும் பாப்-ஏங்கிற புரதமும் எவ்வளவுன்னு பார்த்து, வயசையும் குழந்தையோட கழுத்துப் பின்னாடி இருக்கற நீரோட தடிமனைப் பாக்கற என்டி ஸ்கேன் அளவையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. வாரம் தப்பாக் குடுத்தா கணக்கே தப்பும், அதனால ஸ்கேன்ல போட்ட வாரமும் ஃபார்ம்ல எழுதின வாரமும் ஒண்ணான்னு முதல்ல பாருங்க. அடுத்தது ரத்தத்துலயே டிஎன்ஏ பாக்கறதா, பனிக்குடத் தண்ணி எடுக்கறதாங்கிறதை டாக்டர் பேசுவாங்க. உறுதியா ஆமா இல்லைன்னு சொல்றது தண்ணி எடுக்கற மாதிரி டெஸ்ட்தான். வீட்டம்மாகிட்ட இந்த 179ஐ முதல்ல சொல்லுங்க.

தூறல்23:
பத்து நாள் கழிச்சு வர்றேன். யாரும் மறந்திருக்க மாட்டீங்கன்னு நினைக்கிறேன். நேத்து ஸ்கேன். படுக்கிறதுக்கு முன்னாடியே கை காலெல்லாம் ஜில்லுன்னு ஆயிடுச்சு, போனதடவை இதே மாதிரி படுத்திருந்தப்பதான் டாக்டரம்மா பேசறதைத் திடீர்னு நிறுத்தினாங்க. இந்தத் தடவை அவங்க நிறுத்தலை. ஸ்க்ரீனை என் பக்கம் திருப்பினாங்க. அரிசி மணி அளவுல ஒண்ணு, நடுவுல மினுக்கு மினுக்குன்னு. ரிப்போர்ட்ல சிஆர்எல் 6 மில்லிமீட்டர், 6 வாரம் 3 நாள், துடிப்பு 118னு இருக்கு. சிங்கிள் லைவ் இன்ட்ரா யூட்டரைன்னு முதல் வரி, கர்ப்பப்பைக்குள்ள உயிரோட ஒரே கருன்னு அர்த்தம். சிஆர்எல்னா உச்சந்தலையிலேந்து உக்காரும் இடம் வரைக்கும்னு நானே தேடிப் படிச்சுட்டேன், இப்ப நானும் பாதி லேப் ஆள் ஆயிட்டேன்!

வெளிய வர்றதுக்கு முன்னாடி ஃபைலை நீட்டி, அந்த ஏ1 பக்கத்துல ஸ்பான்டேனியஸ்னு எழுதித் தர முடியுமான்னு கேட்டேன். எதுக்குன்னு கேட்டாங்க. வீட்டுல படிப்பாங்கன்னேன். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாங்க, அப்புறம் பேனாவை எடுத்து எழுதிட்டாங்க, எழுதினதுக்குப் பக்கத்துல கையெழுத்தும் போட்டாங்க. பஸ்ல வர்றப்ப அதுக்குக் கீழ பென்சில்ல கலைஞ்சதுன்னு நான் எழுதிக்கிட்டேன். ஞ்ச போட்டு.

சொல்தேடி:
ஞ்ச போட்டு. சரியா எழுதியிருக்கீங்க.

ஓய்வுபெற்ற_சிஸ்டர்:
118 நல்ல துடிப்பு, ஆறு வாரத்துக்கு அவ்வளவுதான் இருக்கும், இன்னும் ரெண்டு மூணு வாரத்துல 170 பக்கம் போகும், பாத்துட்டுப் பயந்துபோய் இங்க வந்து எழுதாத. ரத்தக் குரூப் என்னன்னு பார்த்தியா அம்மாடி? நெகட்டிவ்னு இருந்தா இப்பவே சொல்லு, அந்த வார்த்தைக்கும் ஒரு கதை இருக்கு.

தூறல்23:
ஓ நெகட்டிவ் சிஸ்டர். போச்சா?

ஓய்வுபெற்ற_சிஸ்டர்:
ஒண்ணும் போகலை. புருஷன் குரூப்பைக் கேட்டுட்டு வா, அதுக்குத் தனி இழை போடறேன். போனதடவை நெகட்டிவ் குரூப்காரங்களுக்குப் போடற ஆன்டி-டின்னு ஒரு ஊசி போட்டாங்களான்னு அந்த டிஸ்சார்ஜ் சம்மரியில பாரு, ரெண்டாம் பக்கம் கீழ இருக்கும்.